பச்சைத்திரைப் படப்பிடிப்பு

பச்சைத்திரைப் படப்பிடிப்பு என்பது, ஒரே சீரான பச்சை நிறமுடைய திரையின் முன்னால் நடிகரையோ பொருளையோ நிறுத்திப் படம்பிடித்து, பின்னர் கணினியில் அப்பச்சை நிறத்தை மட்டும் நீக்கிவிட்டு, அவ்விடத்தில் வேறொரு காட்சியைப் பொருத்தும் நுட்பம் ஆகும். தமிழ்த் திரைத்துறையினர் இத்திரையைக் ‘கிரீன் மேட்’ என்றும், நீல நிறத் திரையைப் ‘புளூ மேட்’ என்றும் குறிப்பிடுவர். திரைப்படம், விளம்பரப் படம், தொலைக்காட்சிச் செய்தி, வானிலை அறிக்கை, கல்வி நிகழ்படம் எனப் பல துறைகளில் இந்நுட்பம் பயன்படுகிறது.

நிறத்தை நீக்கும் பணியைக் கணினி செய்தாலும், படத்தின் தரம் பெரும்பாலும் படப்பிடிப்புத் தளத்திலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே இரண்டு வேறுபட்ட ஒளியமைப்புகள் தேவைப்படுகின்றன. முதலாவது, திரைக்கான ஒளி. அது எங்கும் ஒரே அளவில் இருக்கவேண்டும். இரண்டாவது, நடிகருக்கான ஒளி. அது பின்னர் பொருத்தப்படவிருக்கும் இடத்தின் ஒளியை ஒத்திருக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் அமைப்பதே இந்நுட்பத்தின் அடிப்படை ஆகும். வட சென்னையின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரையைப் பின்னணியாகக் கொள்ளும் காட்சி ஒன்று இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தப்படுகிறது.

வரலாறு

ஒரு படத்தின் பகுதியை மறைத்து, அவ்விடத்தில் வேறொரு படத்தைச் சேர்க்கும் முறை திரைப்படத்தின் தொடக்க காலத்திலிருந்தே உள்ளது. படச்சுருளின் ஒரு பாதியை மறைத்து மறுபாதியை மட்டும் பதிவு செய்து, பின்னர் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி எஞ்சிய பாதியைப் பதிவு செய்வது பழைய வழக்கம். இரட்டை வேடக் காட்சிகள் பல இவ்வாறே எடுக்கப்பட்டன. 1940ஆம் ஆண்டு வெளியான உத்தம புத்திரன் திரைப்படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். 1957ஆம் ஆண்டு வெளியான மாயா பஜார் திரைப்படத்தில் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி கணினியின் துணையின்றியே பல மாயக் காட்சிகளைப் படமாக்கினார்.

நிறத்தை அடிப்படையாகக் கொண்டு பின்னணியைப் பிரிக்கும் முறை, வண்ணத் திரைப்படத்தில் லாரி பட்லர் என்பவரால் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ (1940) படத்தில் கையாளப்பட்டது. இப்படத்தில் மைசூர் அரசில் பிறந்த சாபு முக்கிய வேடத்தில் நடித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அதில் நீலத் திரையே பயன்பட்டது. பின்னர் பெட்ரோ விளாகோசு இம்முறையை மேம்படுத்தினார். 1959ஆம் ஆண்டு வெளியான ‘பென்-ஹர்’ திரைப்படத்தில் அவரது முறை பயன்படுத்தப்பட்டது. தலைமுடி, புகை, கண்ணாடி போன்றவற்றின் ஓரங்களையும் ஓரளவு இயல்பாகப் பிரிக்க இது வழிசெய்தது.

தமிழ்த் திரைப்படங்களில் கணினி வரைகலை 1990களில் பரவலாயிற்று. காதலன் (1994), இந்தியன் (1996), ஜீன்ஸ் (1998) ஆகிய படங்கள் சிறந்த சிறப்புத் தோற்றங்களுக்கான தேசியத் திரைப்பட விருதைப் பெற்றன. 2010ஆம் ஆண்டு வெளியான எந்திரன் படமும் இவ்விருதைப் பெற்றது.

வட சென்னையும் பின்னணிக் காட்சிகளும்

ஓர் இடத்தை நேரில் படம்பிடிக்க இயலாதபோதே பச்சைத்திரை பெரிதும் தேவைப்படுகிறது. வட சென்னையில் இத்தேவை இரண்டு காரணங்களால் எழுகிறது.

முதலாவது காரணம், இடத்தின் தன்மை. சென்னைத் துறைமுகமும், எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகமும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். உரிய அனுமதியின்றி அங்கே நுழையவோ படம்பிடிக்கவோ இயலாது. சரக்குப் பெட்டக வண்டிகளும் பாரந்தூக்கிகளும் ஓயாது இயங்கும் இடத்தில் நடிகர்களை நிறுத்துவது ஆபத்தானதும் ஆகும்.

இரண்டாவது காரணம், இடத்தில் நிகழ்ந்துள்ள மாற்றம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின்னர், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டது. இதனால் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதலான பகுதிகளில் கடல் கரையை அரித்தது. இன்று அங்கே பல இடங்களில் மணற்பரப்புக்கு மாறாகக் கருங்கற் குவியல்களே காணப்படுகின்றன. 1970ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ஆம் ஆண்டு மூடப்பட்டது. எனவே, 1970களின் திருவொற்றியூரையோ எண்ணூரையோ காட்டவேண்டிய கதைக்கு, இன்றைய இடத்தை அப்படியே படம்பிடிப்பது பொருந்தாது. 1970களின் வட சென்னையைக் களமாகக் கொண்டு 2021ஆம் ஆண்டு வெளியான சார்பட்டா பரம்பரை திரைப்படத்துக்கு அரங்குகள் அமைத்தே அக்காலச் சூழல் உருவாக்கப்பட்டது.

இவ்வாறான சூழ்நிலையில் இடத்தின் காட்சி தனியாகப் படம்பிடிக்கப்பட்டு, அல்லது வரைகலையில் உருவாக்கப்பட்டு, நடிகரின் காட்சியோடு சேர்க்கப்படுகிறது. முன்னதைப் ‘பிளேட்’ என்று திரைத்துறையினர் அழைப்பர். இக்கட்டுரையில் அது பின்னணிக் காட்சி எனப்படுகிறது. வட சென்னையில் வாழ்ந்து அக்கடற்கரையை அறிந்தோர், காலை வெயில் எத்திசையிலிருந்து விழும் என்பதையும் அறிவர். அதில் பிழை நேர்ந்தால், காரணத்தைச் சொல்ல இயலாவிட்டாலும் காட்சி பொய்யானது என்று அவர்கள் உடனே உணர்ந்துவிடுவர்.

பச்சை நிறம் ஏன்?

மனிதரின் தோல் எந்த நிறத்தினதாயினும் அதில் சிவப்புக் கூறு மிகுந்தும் பச்சைக் கூறு குறைந்தும் இருக்கும். எனவே தூய பச்சையைத் தோலிலிருந்து பிரிப்பது எளிது. மேலும், பெரும்பாலான எண்ணிமப் படக்கருவிகளின் உணரியில், நான்கு ஒளியுணர் புள்ளிகளுக்கு இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. பிரைசு பேயர் என்பவர் வடிவமைத்த இவ்வமைப்புக்கு 1976ஆம் ஆண்டு காப்புரிமம் வழங்கப்பட்டது. பச்சைக்கு இரு மடங்கு புள்ளிகள் இருப்பதால் அந்நிறத்தில் நுண்விவரம் மிகுதியாகவும் இரைச்சல் குறைவாகவும் பதிவாகிறது.

மென்பொருள் ஒவ்வொரு படவணுவிலும் பச்சையின் அளவைச் சிவப்பு, நீலம் ஆகியவற்றின் அளவோடு ஒப்பிடுகிறது. பச்சை எவ்வளவு மிகுந்துள்ளதோ அவ்வளவுக்கு அப்படவணு ஒளிபுகுவதாகக் கொள்ளப்படும். திரையின் ஒரு பகுதி வெளிச்சமாகவும் மற்றொரு பகுதி இருளாகவும் இருந்தால், இரண்டையும் நீக்க மென்பொருளின் எல்லையை அகலப்படுத்த நேரிடும். அப்போது தலைமுடியின் நுனிகளும் ஆடையின் ஓரங்களும் சேர்ந்தே அழிந்துவிடும். திரைக்கு ஒரே சீரான ஒளி வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இதனாலேயே.

நடிகரின் ஆடையோ கையிலுள்ள பொருளோ பச்சையாக இருக்கும்போது நீலத் திரை பயன்படுத்தப்படும். இரவுக் காட்சிகளுக்கும் நீலத் திரையைச் சிலர் விரும்புவர். ஏனெனில், உடலில் சிறிது நீலம் படிந்தாலும் இரவுச் சூழலில் அது உறுத்தலாகத் தெரியாது.

திரை

திரைக்குப் பளபளப்பில்லாத துணி அல்லது பளபளப்பில்லாத வண்ணப்பூச்சு ஏற்றது. சாட்டின் போன்ற மின்னும் துணி விளக்கொளியை ஆங்காங்கே வெண்மையாகத் திருப்பியனுப்பும். துணியில் உள்ள ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நிழலை உண்டாக்கும். ஆகவே துணியைத் தேய்த்து, நான்கு புறமும் சட்டத்தில் இழுத்துக் கட்டவேண்டும். கால்கள் தெரியும் காட்சியாயின், துணி தரைவரை வளைந்து இறங்கித் தரையிலும் விரிந்திருக்கவேண்டும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் மடிப்புக் கோடு இருத்தல் கூடாது.

திரை படச்சட்டம் முழுவதையும் நிரப்பவேண்டும் என்பதில்லை. நடிகரின் உடலும், அசையும் கை கால்களும் செல்லும் எல்லைக்குப் பின்னால் பச்சை இருந்தால் போதுமானது. எஞ்சிய பகுதியைக் கணினியில் கோடிட்டு வெட்டி நீக்கிவிடலாம். சிறிய இடத்தில் படம்பிடிக்கும் மாணவர்களுக்கு இது பயனுள்ளதாகும்.

திறந்த வெளியில் திரை கட்டும்போது காற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். சென்னைக் கடற்கரையில் வெயில் ஏறியபின் கடற்காற்று வீசத் தொடங்கும். அப்போது தளர்வாகக் கட்டிய துணி பாய்போல் புடைத்து, ஒளியளவு நொடிக்கு நொடி மாறும்.

திரைக்கான ஒளியமைப்பு

ஒரு விளக்கின் ஒளி தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். திரையின் ஒரு பக்கத்தில் மட்டும் விளக்கை வைத்து, அருகிலுள்ள ஓரம் 2 மீட்டரிலும் எதிர் ஓரம் 5 மீட்டரிலும் இருப்பதாகக் கொண்டால், முதல் ஓரத்தில் விழும் ஒளி மற்றதைவிட ஏறத்தாழ 6 மடங்கு மிகுதியாக இருக்கும். எந்த மென்பொருளும் இவ்வேறுபாட்டை எளிதில் ஈடுசெய்யாது.

இதனைத் தவிர்க்கப் பின்வரும் முறை கையாளப்படுகிறது:

* ஒரே வகையான, ஒரே ஆற்றலுள்ள இரண்டு விளக்குகளைத் திரையின் இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் வைத்தல். ஒன்றின் ஒளி குறையும் இடத்தை மற்றது நிரப்பும்.
* விளக்குகளை இயன்றவரை திரையிலிருந்து தள்ளி வைத்தல். தொலைவு கூடும்போது இரு ஓரங்களுக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறையும்.
* விளக்கின் முன் பட்டர் தாள் அல்லது வெண்துணி கட்டி ஒளியை மென்மையாக்குதல்.
* விளக்கின் ஒளி நடிகர்மேல் விழாதவாறு கறுப்பு அட்டையால் மறைத்தல்.

திரையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஒளிமானியால் அளந்து பார்க்கவேண்டும். அளவுகளுக்கு இடையிலான வேறுபாடு அரை ஸ்டாப்பைத் தாண்டாதிருப்பது நல்லது. திரையின் ஒளி மிகுதியாக இருந்தால் பச்சை வெளிறிப்போகும். குறைந்தால் இரைச்சல் கூடும். அலைவடிவ அளவியில் திரை ஏறத்தாழ 50 விழுக்காட்டை ஒட்டி, மேடு பள்ளமின்றி ஒரே பட்டையாகத் தெரிந்தால் அது சரியான நிலை ஆகும்.

பச்சைக் கசிவு

திரையில் பட்ட ஒளி பச்சையாகத் திரும்பி நடிகரின் தோளிலும் கன்னத்திலும் முடியிலும் படிவதைப் பச்சைக் கசிவு எனலாம். கணினியில் பச்சையை நீக்கும்போது இப்பகுதிகளும் பாதிக்கப்படும். இதற்கு முதன்மையான தீர்வு இடைவெளியே ஆகும். நடிகர் திரையிலிருந்து 2 முதல் 3 மீட்டர் வரை முன்னால் நிற்பது நன்று. இதனால் நடிகரின் நிழல் திரையில் விழுவதும் தவிர்க்கப்படும். காட்சியில் தெரியாத பச்சைப் பரப்பைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவதும் கசிவைக் குறைக்கும்.

எண்ணெய் தடவிய தலைமுடி, வியர்த்த முகம், நகை, மூக்குக் கண்ணாடி, பித்தளைப் பாத்திரம் ஆகியவை கண்ணாடிபோல் பச்சையைத் திருப்பிக் காட்டும். முகத்துக்குப் பூச்சுமாவு இடுவதும், மின்னும் பொருள்களின் கோணத்தைச் சற்றே மாற்றுவதும் வழக்கம்.

நடிகருக்கான ஒளியமைப்பு

திரையின் ஒளி முடிவானபின், நடிகருக்கான விளக்குகள் தனியாக அமைக்கப்படும். இங்கே அழகாக ஒளியூட்டுவதைவிடப் பின்னணிக் காட்சியின் ஒளியைப் பின்பற்றுவதே முதன்மையானது. ஒளியின் திசை, உயரம், கடுமை, நிறம், நிழலின் அடர்த்தி ஆகிய ஐந்தும் பொருந்தவேண்டும். இதனால் பின்னணிக் காட்சியை முதலில் படம்பிடித்துவிட்டு, அதனைப் பார்த்தபடியே நடிகருக்கு ஒளியமைப்பது சிறந்தது.

எடுத்துக்காட்டாக, காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடலைப் பின்னால் கொண்டு ஒரு மீனவர் நிற்கும் காட்சியைக் கருதலாம். இக்கரையில் கடல் கிழக்கே உள்ளது. எனவே படக்கருவி கிழக்கு நோக்கியிருக்கும்.

* காலை: கதிரவன் கடலிலிருந்து எழுவதால் ஒளி நடிகரின் பின்னாலிருந்து வரும். முதன்மை விளக்கைப் பின்புறம் தாழ்வாக வைத்து, தோளிலும் முடியிலும் மஞ்சள் கலந்த விளிம்பொளி விழச் செய்யவேண்டும். முகம் நிழலில் இருக்கும். வானொளிக்கு ஈடாக முன்புறம் மென்மையான ஒளி சிறிதளவு போதும்.
* நண்பகல்: சென்னை ஏறத்தாழ வடக்கு 13 பாகை அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் இறுதியிலும் ஆகத்து நடுப்பகுதியிலும் கதிரவன் நண்பகலில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது கண்குழியிலும் மூக்கின் கீழும் அடர்ந்த நிழல் விழும். திசம்பர் இறுதியில் நண்பகல் கதிரவன் தென்திசையில் ஏறத்தாழ 53 பாகை உயரத்திலேயே இருக்கும். அப்போது கிழக்கு நோக்கிய படக்கருவிக்கு ஒளி வலப்புறமிருந்து வரும்.
* பிற்பகல்: கதிரவன் படக்கருவிக்குப் பின்னால் மேற்கே இருக்கும். நடிகரின் முகத்தில் நேரொளி விழும். கடலும் வானும் தெளிந்த நீலமாகத் தோன்றும்.

வெயிற் காட்சிக்கு ஒரே கடுமையான விளக்கு கதிரவனாகப் பயன்படவேண்டும். இரண்டு கடும் விளக்குகள் இரண்டு நிழல்களை உண்டாக்கும். திறந்த வெளியில் இரண்டு கதிரவன்கள் இல்லை. மணலும் கற்காரைத் தரையும் ஒளியைக் கீழிருந்து மேலே திருப்பியனுப்புவதால், நடிகரின் காலடிக்கு அருகே தெர்மாகோல் பலகையைச் சாய்த்து வைத்து அவ்வொளியைப் பெறலாம். ஈரமும் தூசும் கலந்த காற்றில் தொலைவிலுள்ள பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் வெளிறித் தெரியும். அருகில் நிற்கும் நடிகர் அவற்றைவிடத் தெளிவாகவும் நிழல் அடர்ந்தும் தெரிவதே இயல்பு.

படக்கருவி அமைப்பு

* நிற விவரம்: பல படக்கருவிகள் கோப்பின் அளவைக் குறைக்க நிறத் தகவலைச் சுருக்கிப் பதிவு செய்கின்றன. 4:2:0 முறையில் நான்கு படவணுக்களுக்கு ஒரு நிறத் தகவலே எஞ்சும். 4:2:2 முறையில் இரண்டு எஞ்சும். பச்சையைப் பிரிக்கும் பணி நிறத்தையே நம்பியிருப்பதால் 4:2:2 அல்லது அதனினும் மேம்பட்ட முறை விரும்பத்தக்கது.
* ஷட்டர் வேகம்: இந்தியாவில் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் 50 எர்ட்சு. சாதாரணக் குழல் விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடியாக இருந்தால் சிமிட்டல் தெரியாது. நொடிக்கு 24 சட்டங்கள் பதிவு செய்யும்போது ஷட்டர் கோணத்தை 172.8 பாகையாக வைத்தால் 1/50 நொடி கிடைக்கும். விரைவான அசைவுகளுக்கு 1/100 நொடி ஏற்றது; அதில் ஓரங்கள் குறைவாகவே கலங்கும்.
* வில்லைத் துவாரம்: f/4 முதல் f/5.6 வரையிலான அளவில் நடிகரின் உடல் முழுவதும் கூர்மையாக இருக்கும். மிகப் பெரிய துவாரத்தில் தோளும் காதும் மங்கி, பச்சையோடு கலந்துவிடும். பின்னணியை மங்கச் செய்யவேண்டுமாயின் அதனைக் கணினியில் செய்யலாம்.
* உணர்திறன்: படக்கருவியின் அடிப்படை ஐ.எசு.ஓ. அளவில் வைத்து இரைச்சலைக் குறைக்கவேண்டும்.
* கூர்மையாக்கம்: படக்கருவி தானே செய்யும் கூர்மையாக்கத்தை நிறுத்திவிட வேண்டும். அது உருவத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்றை உண்டாக்கும்.
* தானியங்கு அமைப்புகள்: வெண்சமநிலை, ஒளியளவு, குவியம் ஆகிய மூன்றையும் கையால் அமைத்து நிலைநிறுத்தவேண்டும். இல்லையெனில் நடிகர் நகரும்போது பச்சையின் அளவும் மாறும்.

நோக்குநிலைப் பொருத்தம்

ஒளி பொருந்தினாலும் படக்கருவியின் நிலை பொருந்தாவிட்டால், நடிகர் பின்னணியில் ஒட்டவைத்த படம்போலத் தோன்றுவார். பின்னணிக் காட்சியை எடுக்கும்போதே வில்லையின் குவியத்தொலைவு, படக்கருவியின் உயரம், சாய்வுக் கோணம், நேரம், கதிரவன் நிற்கும் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு படப்பிடிப்புக்கும் ஒரே படக்கருவியைப் பயன்படுத்துவது பணியை எளிதாக்கும்.

கடற்காட்சியில் தொடுவானம் ஓர் எளிய அளவுகோலாகும். நடிகர் நிற்கும் தளத்திலிருந்து படக்கருவி எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அதே உயரத்தில் தொடுவானக் கோடு நடிகரின் உடலை வெட்டிச் செல்லும். மணலிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் பின்னணிக் காட்சியை எடுத்திருந்தால், தொடுவானம் நடிகரின் கழுத்தையோ தோளையோ ஒட்டிச் செல்லவேண்டும். கருங்கற் சுவரின்மேல் ஏறி நின்று எடுத்த காட்சியில் மணலில் நிற்கும் ஒருவரைச் சேர்ப்பதாயின், படப்பிடிப்புத் தளத்திலும் படக்கருவியை அதே அளவுக்கு உயர்த்தவேண்டும். இதைத் தவறவிட்டால் மனிதர் குள்ளராகவோ பூதமாகவோ தெரிவார்.

படக்கருவி நகரும் காட்சிகளில், திரையின்மேல் வேறு செறிவுள்ள பச்சை ஒட்டுகளைச் சிறு குறிகளாக ஒட்டுவர். அவற்றைக் கொண்டு கணினி படக்கருவியின் அசைவைக் கண்டறிந்து பின்னணியையும் அதற்கேற்ப நகர்த்தும். இக்குறிகள் தலைமுடிக்குப் பின்னால் வராதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆடையும் பொருள்களும்

மீன்பிடித் தொழில் சார்ந்த காட்சிகளில் வலை ஒரு தனிச் சிக்கலாகும். நைலான் வலைகள் பல பச்சை அல்லது நீல நிறத்தில் உள்ளன; கண்ணாடிபோன்ற ஒற்றை இழை வலைகளும் உண்டு. பச்சை வலையைப் பச்சைத்திரையின் முன் பிடித்தால் வலையே மறைந்துவிடும். நிறம் வேறாக இருந்தாலும் ஒவ்வொரு கண்ணியின் வழியாகவும் திரை தெரிவதால், குவியமும் ஒளியும் சற்றுப் பிசகினாலும் இழைகள் அறுந்ததுபோல் தோன்றும். எனவே வலையின் நிறத்தைப் பார்த்த பின்னரே திரையின் நிறத்தைத் தீர்மானிக்கவேண்டும். கட்டம் போட்ட கைலி, மெல்லிய புடவை, மல்லிகைச் சரத்தின் பச்சைக் காம்பு ஆகியவற்றையும் முன்னதாகச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வரையறைகளும் மாற்று முறைகளும்

நீர், புகை, கண்ணாடி, மிக மெல்லிய முடி ஆகியவற்றைப் பிரிப்பது இன்றும் கடினமே. நடிகர் தாம் காணாத ஓர் இடத்தைக் கற்பனை செய்து நடிக்கவேண்டியிருப்பதும் இம்முறையின் குறையாகும்.

2019ஆம் ஆண்டு வெளியான ‘தி மாண்டலோரியன்’ தொலைக்காட்சித் தொடருக்குப் பின், பச்சைத்திரைக்கு மாற்றாகப் பெரிய ஒளியுமிழ் இருமுனையச் சுவர்களில் பின்னணிக் காட்சியை நேரடியாகத் தோன்றச் செய்யும் முறை பரவி வருகிறது. அதில் பச்சைக் கசிவு இல்லை. சுவரின் ஒளியே நடிகர்மேலும் படிகிறது. ஆயினும் அதற்கான செலவு மிகுதி. ஒரு துணி, நான்கு விளக்குகள், ஒரு படக்கருவி ஆகியவற்றைக் கொண்டு செய்யத்தக்க பச்சைத்திரை முறையே கல்லூரி மாணவர்களும் குறும்படக் கலைஞர்களும் எளிதில் கையாளத்தக்கது. பின்னணியாகும் இடத்துக்கு ஒருமுறை நேரில் சென்று, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் அங்கே ஒளி விழும் முறையைக் குறித்துக்கொள்வது இப்படப்பிடிப்புக்கான முதல் ஆயத்தப் பணியாகும்.